படகுச் சன்னலின் கண்ணாடி ஷீட்டில் கீறல்: தை வரை தாங்க என்ன செய்யலாம்?

கேள்வி: தேவகோட்டையில் வசிக்கிறேன். தொண்டியில் நானும் என் அம்மான் மகனும் பங்காக 22 அடி பைபர் படகு ஒன்றை வைத்திருக்கிறோம். ஓட்டுபவர் நிற்கும் இடத்துக்கு மேலே குழாய்ச் சட்டம் கட்டி, துணிக் கூடாரம் போட்டு, முன்புறமும் இரு பக்கங்களிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டில் சன்னல் வைத்திருக்கிறோம். போட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. முன் சன்னலில் கீழ் மூலையிலிருந்து மடிப்பின் வழியாக ஒன்றரைச் சாண் நீளத்துக்குக் கீறிவிட்டது. இடப்பக்கத்தில் தையலை ஒட்டி மூன்று சிறு கீறல்கள் இருக்கின்றன. வலப்பக்கத்தில் மடிப்பு வெளுத்திருக்கிறது, கீறல் இல்லை. அம்மான் மகன் குளியலறைக்கு வாங்கிய சிலிக்கானைப் பூசிப் பார்த்தார். ஒரு வாரத்தில் உரிந்துவிட்டது. பைப் ஒட்டும் பசையோ பெவிக்விக்கோ போடலாமா? தைத்துவிடலாமா? தை பிறந்த பிறகுதான் புதிதாகப் போட வசதிப்படும். அதுவரை மழையை எப்படித் தாண்டுவது?

பதில்: அன்புள்ள ஐயா, தை வரை தாங்கச் செய்ய முடியும். ஆனால், எந்தப் பசையைப் போடுவது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த ஷீட் ஏன் இழுபட்டுக் கிழிகிறது என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இழுவை அப்படியே இருக்கும்போது எவ்வளவு நல்ல ஒட்டுப் போட்டாலும், ஒட்டின் ஓரத்திலேயே அடுத்த கீறல் தொடங்கும். காரைக்குடியில் தார்ப்பாயும் கூடாரத் துணியும் தைக்கும் எங்கள் பட்டறைக்குப் பழுது பார்க்க வரும் சன்னல்களில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் வருகின்றன.

தங்கள் சன்னலில் இருப்பது பிவிசி. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதே பிவிசிதான். இயல்பில் அது விறைப்பான பொருள். அதில் பிளாஸ்டிசைசர் என்னும் நெகிழ்வூட்டியைக் கலந்தால்தான் சுருட்டக்கூடிய ஷீட்டாகிறது. வெயிலின் சூடும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து அந்த நெகிழ்வூட்டியை ஆண்டுக்காண்டு வெளியேற்றிவிடுகின்றன. அது குறையக் குறைய ஷீட் மஞ்சளடித்து விறைத்துப்போகிறது. வாடிக் காய்ந்த வெற்றிலையை மடித்தால் எப்படி மடித்த கோட்டில் முறியுமோ அப்படி மடிப்பில் முறிகிறது. இத்துடன் இன்னொன்றும் நடக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. நெகிழ்வூட்டியை இழந்த ஷீட் சுருங்குகிறது. ஷீட் சுருங்கினாலும் அதைப் பிடித்திருக்கும் பட்டன்களும் ஜிப்பும் படகில் பழைய இடத்திலேயே இருக்கின்றன. ஆகவே முதலாண்டு சுலபமாகப் பொருந்திய சன்னலை, இப்போது பட்டனில் மாட்டுவதற்கே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். மூலையில் தொடங்கிய கீறல் மடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடியதற்கு அந்த இழுவையே காரணம் என்று கருதுகிறேன்.

கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில், வளவின் முற்றத்தில் சாரல் அடிக்காமலிருக்க இதே வகை ஷீட்டைச் சுருட்டும் திரையாகத் தொங்கவிடுகிறார்கள். அங்கே அது படகில் இருப்பதைவிட நெடுநாள் உழைக்கிறது. முற்றத்தில் நேர் வெயில் படுவது சில மணி நேரம்தான் என்பது ஒரு காரணம். திரை மேலே மட்டும் பிடிக்கப்பட்டுக் கீழே தளர்வாகத் தொங்குகிறது என்பது, என் மதிப்பில், அதைவிடப் பெரிய காரணம்.

எனவே முதல் வேலை இழுவையைக் குறைப்பது. சட்டத்தின் கால்களை முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கும் நாடாப் பட்டைகளின் கொக்கியை அரை அங்குலம் தளர்த்திப் பாருங்கள். பல படகுகளில் இதுவே போதுமானதாக இருக்கும். அதற்குப் பிறகும் கீறலுள்ள மூலை விறைப்பாக இருந்தால், அந்த மூலையின் கடைசிப் பட்டனை மட்டும் கழற்றிவிட்டு, துணி விளிம்பில் ஓர் ஐலெட் (துளையைச் சுற்றிய உலோக வளையம்) அடித்து, அதன் வழியாக ரப்பர் கயிறு கோத்துப் பிடித்துவையுங்கள். காற்று இழுக்கும்போது கயிறு நீண்டு கொடுக்கும். ஷீட் நீள வேண்டிய தேவை இருக்காது. அதே சமயம் தளர்ந்த ஷீட் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளவும் கூடாது, ஏனென்றால் ஒவ்வோர் அடியிலும் கீறலின் முனை மடங்கி மடங்கி நீளும். இரண்டு அங்குல அகல நாடா இரண்டைச் சன்னலின் வெளிப்புறத்தில், பார்வைக்கு மேலும் கீழுமாகக் குறுக்கே ஓடவிட்டு, இருபுறமும் சட்டத்தில் கட்டிவிட்டால் இந்தப் படபடப்பு அடங்கும்.

அடுத்து, கீறலின் முனையில் வட்டத் துளை. கூர்மையான முனையில்தான் இழுவை முழுவதும் குவிகிறது. அந்த முனையை ஒரு வட்டமாக்கிவிட்டால் இழுவை வட்டத்தைச் சுற்றிப் பரவிக் கீறல் நின்றுவிடும். ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால், கண்ணுக்குத் தெரியும் கீறலுக்கு அப்பாலும் மயிரிழைபோல ஒரு கோடு ஓடியிருப்பது தெரியும். அந்த மயிரிழை முடியும் இடத்தைத் துளையின் வட்டம் முழுவதுமாக விழுங்க வேண்டும். இதற்குச் செருப்புத் தைப்பவரிடமும் ரெக்சின் கடைகளிலும் உள்ள தோல் பஞ்ச் போதும். 3 மில்லிமீட்டர் அளவில், அடியில் ஒரு மரத்துண்டை வைத்து ஒரே அடியில் துளையிடுங்கள். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளையிடும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு, அது வேண்டாம். தீய்ந்த விளிம்பு இன்னும் விறைத்துப்போகும். பிவிசி தீயும்போது வரும் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதால் அது கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். தங்கள் முன் சன்னல் கீறலுக்கு உள்முனையில் ஒரு துளை போதும்; மறுமுனை விளிம்புத் தையலில் முடிகிறது என்றால் அங்கே துளையிட்டுப் பயனில்லை.

இந்த வேலைகளை எப்போது செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். மழை பெய்து ஓய்ந்த விடியலில் ஷீட் விறைத்திருக்கும். அந்த நேரத்தில் கழற்றினாலோ சுருளை விரித்தாலோ, இருக்கும் கீறல் கைக்கு எதிரிலேயே நீளும். காலை வெயில் ஏறி ஷீட் இளகிய பிறகு கழற்றி, ஒரு பலகை மேசைமேல் தட்டையாக விரித்து, நிழலுக்குக் கொண்டுவந்து ஒட்டுங்கள். படகிலேயே, தொங்கும் நிலையிலேயே ஒட்ட வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். தொங்கும் ஷீட்டில் கீறலின் இரு உதடுகளும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. மேலும், அழுத்தித் தேய்க்கப் பின்னால் கெட்டியான பரப்பும் இருக்காது.

இனிப் பசைகளுக்கு வருகிறேன். பைப் ஒட்டும் சால்வென்ட் சிமென்ட்டும் பிவிசிக்கானதுதானே என்று தாங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால், அது இரண்டு விறைப்பான சுவர்களைக் கரைத்து ஒன்றாக்குவதற்கென்று செய்யப்பட்டது. மெல்லிய ஷீட்டில் பட்டவுடன் அதைக் கரைத்துச் சுருக்கும். சுற்றுப்புறம் வெளுத்து நெளியும். காய்ந்த பிறகு அந்த இடம் குழாயைப்போல் விறைத்து நிற்பதால், விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கும் கோட்டில் புதிய கீறல் விழும். பெவிக்விக் போன்ற உடனடிப் பசையும் காய்ந்தால் நொறுங்கும் தன்மையுடையது. அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகப் படிவதால் உள்ள தெளிவும் போய்விடும். எம்-சீல் வகைக் கலவையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; வளையும் பொருளில் அது நிற்காது. சிலிக்கான் நெகிழ்வுள்ளதுதான், ஆனால் நெகிழ்வூட்டி கசிந்துகொண்டிருக்கும் வினைலை, அதாவது இந்த பிவிசி ஷீட்டை, பற்றிக்கொள்வதில்லை. அது உரிந்துபோனது இழப்பில்லை. பின்னால் விட்டுச்சென்ற கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம்தான் இப்போது தங்களுக்கு உண்மையான தொல்லை, ஏனென்றால் அந்தப் படலத்தின்மேல் வேறு எந்த ஒட்டும் நிற்காது.

ஆகவே முதலில் சிலிக்கானைப் போக்குங்கள். கட்டை விரலால் உருட்டி உருட்டி எடுத்து, எஞ்சியதைப் பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் சுரண்டுங்கள், பிளேடு வேண்டாம். பிறகு நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கரைத்துவிட்டு (உப்புத் துகள் இருக்கும்போது துடைத்தால் ஷீட் முழுவதும் கோடு விழும்), மென்மையான சோப்பு நீரால் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். ஒட்டு விழப்போகும் பட்டையை மட்டும், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒரே முறை துடையுங்கள். கைக்குப் போடும் சானிடைசர் இதற்கு ஆகாது. அதில் கிளிசரின் கலந்திருக்கும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் நீர் ஆகியவற்றைப் படகில் எந்த மூலையிலும் இந்த ஷீட்டின் அருகே கொண்டுவராதீர்கள்.

ஒட்டுக்கு நான் பரிந்துரைப்பது தெளிவான, நெகிழும் ஒட்டுப்படலம். டியர்-எய்ட் என்ற பெயரில் வருவதில் பி வகைதான் வினைலுக்குரியது; ஏ வகை துணி முதலிய பிற பொருள்களுக்கானது, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். அது கிடைக்கத் தாமதமானால், கார்களின் பெயின்ட் கீறாமலிருக்க ஒட்டும் தெளிவான பாதுகாப்புப் படலத்தின் வெட்டுத் துண்டுகளைக் கார் அலங்காரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அது பாலியூரித்தேன் வகை; வளையும், வெயிலில் உடனே கெட்டுப்போகாது. பெட்டி ஒட்டும் பிரவுன் டேப்பும் தெளிவான செலோ டேப்பும் கரைக்குத் திரும்பும்வரைக்கும் மட்டுமே உதவும். அவற்றுக்கு நெகிழ்வு கிடையாது. வெயிலில் படலம் மட்டும் தூளாக உதிர்ந்து பிசின் ஷீட்டிலேயே தங்கிவிடும்.

படலத்தைக் கீறலின் எல்லாப் பக்கங்களிலும் 25 மில்லிமீட்டர் கூடுதலாக வருமாறு வெட்டுங்கள். நான்கு மூலைகளையும் ஒரு நாணயத்தை வைத்து வட்டமாக வெட்ட வேண்டும், கூர்மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். வெளிப்புற ஒட்டை உட்புற ஒட்டைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் விளிம்பும் ஒரே கோட்டில் அமைந்தால் அந்தக் கோடே அடுத்த முறிவுக்கு வழியாகிவிடும். கீறலின் இரு உதடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகப் பொருந்தியிருக்கும்படி மேசைமேல் அமர்த்தி, உட்புற ஒட்டை முதலில் ஒட்டுங்கள். படலத்தை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்து ஒட்டியது திரும்பச் சுருங்க முயன்று ஷீட்டையும் சேர்த்து நெளிக்கும். நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துணி சுற்றிய பிளாஸ்டிக் அடிக்கோலால் காற்றைத் தள்ளிக்கொண்டே போய், திருப்பிப் போட்டு வெளிப்புறத்தையும் அப்படியே செய்து, 24 மணி நேரம் மழையும் இழுவையும் படாமல் தட்டையாகவே விட்டுவையுங்கள். ஷீட்டிலிருந்து கசியும் நெகிழ்வூட்டி நாளடைவில் ஒட்டின் பிசினையும் இளக்கிவிடும் என்பதால் இது மாதக்கணக்குக்கான ஏற்பாடுதான். தங்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

இடப்பக்கக் கீறல்கள் வேறு வகை. தையலூசி போட்ட துளைகளே அங்கே கிழியும் கோடாக அமைந்துவிட்டன. தபால் தலையைக் கிழிக்கும் கோட்டைப்போல நெருக்கமாகத் துளைகள் விழுந்திருக்கும் இடத்தில், அதே கோட்டின்மேல் மீண்டும் தையல் இயந்திரத்தை ஓட்டுவது கீறலை நீட்டுவதாகவே முடியும். தைக்கத்தான் வேண்டும் என்றால் கையால் தைக்க வேண்டும். மென்மையான ரெக்சினில் இரண்டு அங்குல அகலப் பட்டை இரண்டு வெட்டி, ஷீட்டின் உள்ளும் புறமும் வைத்து, பழைய தையலிலிருந்து 10 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி, கெட்டியாக இருக்கும் பகுதியில், 6 மில்லிமீட்டர் இடைவெளிக்குக் குறையாமல் தைக்கச் சொல்லுங்கள். பட்டைகளின் மறு ஓரத்தைக் கூடாரத் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டால், இழுவை கீறல்களைத் தாண்டி நேராகத் துணிக்குப் போய்விடும். நூல் பாலியெஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி நூல் உப்புக் காற்றில் மக்கும், நைலான் வெயிலில் பாலியெஸ்டர் அளவுக்குத் தாங்காது. இழையை நெரித்து இழுக்காமல், பட்டை படிந்து நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். செருப்புத் தைப்பவர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும்; எந்தத் தையல் இயந்திரத்தையும்விட அவர்களுடைய குத்தூசி இந்த இடத்துக்கு ஏற்றது.

வலப்பக்கம் வெளுத்திருக்கும் மடிப்பை இப்போது எதுவும் செய்ய வேண்டாம். இனி அந்தக் கோட்டில் மடிக்காதீர்கள், அவ்வளவே.

முன் சன்னலைப் பற்றி ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், இந்தப் பதிலில் நான் மிகவும் கவலைப்பட்டு எழுதுவது இதைத்தான். கீறல் கீழ் மூலையில் தொடங்கியிருந்தாலும், ஒன்றரைச் சாண் மேலேறி ஓட்டுபவரின் கண்மட்டத்தை எட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு சுத்தமாக ஒட்டினாலும் ஒட்டுப் போட்ட இடம் கொஞ்சம் மங்கும்; இரவில் எதிரே வரும் படகின் விளக்கு அந்த இடத்தில் சிதறி, விளக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பதே குழம்பும். கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளில் ஐந்தாவது விதி, எல்லாக் கலங்களும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் சரியான கண்காணிப்பு வைத்திருக்க வேண்டும் என்கிறது. பாக் நீரிணைப் பக்கத்தில் விளக்கே இல்லாத சிறு வள்ளங்களும் மிதவை கட்டிய வலைகளும் கிடக்கும் நீரில் இந்த விதிக்கு இன்னும் பொருள் கூடுகிறது. ஒட்டு கண்மட்டத்தில் விழுமானால், படகு ஓடும்போது முன் சன்னலைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். மழைச் சட்டை போட்டுக்கொண்டு நனைந்தபடி ஓட்டுவதே சரி. இருட்டிய பிறகு ஒட்டுப் போட்ட சன்னலுக்குப் பின்னால் நின்று ஓட்டவே வேண்டாம்.

மழைக்குப் பயந்து முன்னும் பக்கங்களும் இறுக மூடி, பின்புறத்தை மட்டும் திறந்துவைத்து ஓட்டுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஓடும் படகின் பின்னால் காற்று சுழன்று உள்ளே திரும்புவதால் எஞ்சின் புகையும் கூடவே கூடாரத்துக்குள் வரும். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. முன்பக்கம் ஒரு ஜிப்பையாவது திறந்துவைத்து, காற்று முன்னிருந்து பின்னாகப் போக வழி விடுங்கள்.

அன்றாடப் பராமரிப்பில் மூன்று செய்திகள் போதும். ஷீட்டை மடிக்காமல், இடையில் பழைய வேட்டியை வைத்துத் தளர்வாகச் சுருட்டுங்கள். ஒட்டுள்ள இடம் சுருளின் வெளி வட்டத்தில் வந்தால் வளைவு குறையும். படகு கரையில் நிற்கும் நாட்களில் சன்னல்களின்மேல் வெளிர்நிறத் துணி ஒன்றைப் போர்த்துங்கள், சூடும் கதிரும் பாதியாவது தடுக்கப்படும். விறைத்த ஷீட் இளகும் என்று நம்பித் தேங்காய் எண்ணெயோ டயர் பாலிஷோ தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போன நெகிழ்வூட்டியை எந்த எண்ணெயும் திருப்பிக் கொண்டுவராது. எண்ணெய் பட்ட ஷீட்டில் தூசி படிவதோடு, ஒட்டுகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

தை மாதத்தில் புதிதாகப் போடும்போது, சாதாரண மேசை விரிப்பு ஷீட்டை வாங்கிவிடாதீர்கள். புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து சேர்த்தது என்று உறுதி சொல்லும் ஷீட்டாக, 0.75 மில்லிமீட்டர் தடிமனில் கேளுங்கள். முன் சன்னலைச் சுருட்டாமலே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 1 மில்லிமீட்டர் போடலாம், பார்வை இன்னும் நேராக இருக்கும். ஷீட்டைத் தொடும் குழாய்களின் வெளிப்பக்கத்தில் வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டோ வெளிர்நிறத் துணி சுற்றிவிட்டோ மாட்டச் சொல்லுங்கள். வெயிலில் காய்ந்த உலோகக் குழாய் பட்ட கோட்டில் ஷீட் மற்ற இடங்களுக்கு முன்பே கருகுவதைத் தங்கள் பழைய சன்னல்களிலேயே காணலாம்.

அளவு எடுக்கும்போது மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். தைப்பவர்கள் வழக்கமாகப் பழைய சன்னலை மேசையில் விரித்து, அதன்மேல் புதிய ஷீட்டை வைத்து அப்படியே வெட்டிவிடுவார்கள். பழையது சுருங்கிய ஷீட்; அதன் அளவுக்கு வெட்டினால் முதல் நாளிலேயே இழுவையோடு மாட்ட வேண்டிவரும். வளைவுகளுக்கும் பட்டன் வரிசைக்கும் பழையதை மாதிரியாக வைத்துக்கொண்டு, நீள அகலத்தைப் படகில், சட்டத்தின்மேல், தளர்த்திய பட்டைகளை மறுபடி சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். தைப்பவரைத் தொண்டிக்கே அழைத்துப்போக முடியாவிட்டால், கட்டியான பாலித்தீன் தாளைச் சட்டத்தின்மேல் விரித்து டேப்பால் பிடித்து, பட்டன் இடங்களைப் பேனாவால் குறித்து, அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுங்கள்.